பொங்கோலுக்குப் போன கோடு

ரஷீதாவிடம் எதைக் கொடுத்தாலும் அது வரைபடமாகத்தான் திரும்பி வரும் என்று அவள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே, வகுப்பில் யார் யார் எங்கே உட்கார்ந்து தூங்குகிறார்கள் என்று அறையை வரைந்து வண்ணம் தீட்டியவள் அவள். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த மேசைகள்தான் அடர் சிவப்பு. தூக்கத்துக்குக் காரணம் பாடமல்ல, காற்றுதான் என்று ஆசிரியர்களுக்காக வாதாடிய படம் அது. அவர்களோ அப்பாவைக் கூட்டி வா என்று சொல்லிவிட்டார்கள்.

அதோடு விட்டாளா? தம்பி அர்ஃபானின் கல்யாணத்தில் எந்த மேசைக்கு இரண்டாம் தடவை பிரியாணி வந்தது, எதற்கு வரவில்லை என்று மண்டபத்தையே படமாகப் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப்பில் ஏற்றினாள். சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வந்தது, தூணுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண் வீட்டுக்காரர்கள். புது மணப்பெண் அமீராவின் தாய்மாமன் அன்றைக்கு முறுக்கிக்கொண்டவர்தான், இன்றைக்கும் ரஷீதாவைக் கண்டால் கைபேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். உள்ளதைத்தானே போட்டேன் என்பாள் அவள். உள்ளதைப் போட்டால் எல்லாருக்கும் நல்லது நடக்கும் என்று நாற்பது வயது தாண்டியும் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த நம்பிக்கைதான் அவளுக்குச் சோறும் போட்டது. நகர மையத்தில் ஓர் அலுவலகம். எந்தப் பேட்டையில் குமிழித் தேநீர்க் கடை ஓடும், எந்த எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் மருந்துக்கடை வைக்கலாம் என்று வியாபாரிகளுக்குப் புள்ளி வைத்துக் காட்டும் வேலை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் தானாகவே போய்விட்டது. பிடோக்கில் சொந்தமாக ஒரு வீவக அடுக்குமாடி வீடு வாங்கித் தனியாக இருந்தாள். உம்மா இறந்த பிறகு அத்தாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். “பேரப்புள்ளைங்க இருக்கிற வீட்டுல இருக்கேம்மா” என்று அவர் பொங்கோலில் இருந்த அர்ஃபான் வீட்டுக்குப் போய்விட்டார். அத்தாவின் பெயர் ஃபாரூக். சிராங்கூன் சாலையில் பயணப்பெட்டிக் கடை வைத்திருந்தவர். பெட்டியை விடப் பேச்சுதான் அங்கே அதிகம் விற்றது என்று உம்மா சொல்வார். கடையை மூடியபின் அந்தப் பேச்சு எங்கே போயிற்று என்று பிள்ளைகள் இருவரும் யோசிக்கவில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது, பச்சைக் கதவுப் பள்ளிவாசல் என்று எல்லாரும் சொல்லும் சின்னப் பள்ளி. நோன்பு மாதத்தில் தினமும் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அங்கே கஞ்சி கொடுப்பார்கள். இன்னார்தான் வாங்கலாம் என்று கிடையாது. நோன்பு வைத்தவர், வைக்காதவர், பக்கத்துக் கட்டுமானத் தளத்திலிருந்து தலைக்கவசத்தோடு வருபவர், தேக்கா சந்தைக்கு வந்த சீனத்துப் பாட்டி, எல்லாருக்கும் ஒரே வரிசை. யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்காததுதான் அந்தக் கஞ்சிக்கு மரியாதை.

அந்த வருடம் கஞ்சி போதவில்லை. வரிசையின் வால் தினமும் வெறுங்கையோடு திரும்பியது. கஞ்சிக் குழுத் தலைவர் அப்துல் ஹமீது, கப்பல் சரக்கு நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஆள் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவதைப் பார்த்தால் அன்று அவருக்கு நோன்பு திறக்கவே மனசு வராது. அவர்தான் ரஷீதாவைக் கூப்பிட்டார்.

“இன்னொரு தேக்சா கஞ்சி வைக்கலாம்னா, பணம் குடுக்கிறவங்க கேக்குறாங்கம்மா, யாரு வர்றா, எங்கேருந்து வர்றான்னு. நீதான் மேப்லாம் போடுறியே, ஒண்ணு போட்டுக் குடேன்.”

“போஸ்டல் கோட் மட்டும் கேளுங்க அங்கிள். பேரு வேணாம், ஃபோன் நம்பர் வேணாம். மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றாள் ரஷீதா.

இந்த ஊரில் அஞ்சல் குறியீடு என்பது ஒரு பேட்டையின் எண் அல்ல. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு குறியீடு. ஆறு இலக்கத்தைச் சொன்னால் எந்த பிளாக் என்று தெரிந்துவிடும். கஞ்சி மேசையில் ஒரு தொண்டூழியர் கையில் டேப்லெட்டைக் கொடுத்தாயிற்று. கஞ்சி வாங்குகிறவர் குறியீட்டைச் சொல்வார். தொண்டூழியர் அதோடு, பார்த்த மாத்திரத்தில் வயதானவரா, தனியாக வந்தாரா என்பதையும் தட்டிவிடுவார். கேட்காமல் கொடுத்த இடத்தில் முதல்முறையாக ஒரு கேள்வி வந்தது. சின்னக் கேள்விதானே என்று எல்லாரும் நினைத்தார்கள். ரஷீதாவும் அப்படித்தான் நினைத்தாள்.

முதல் வாரம் முடிந்ததும் படம் போட்டாள். பள்ளிவாசலிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு. அக்கம்பக்கத்தில் குட்டைக் கோடுகள் கொத்தாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இருந்தன. ஆனால் நீளமான கோடுகள் வந்து விழுந்ததை அவள் எதிர்பார்க்கவே இல்லை. பிடோக்குக்கு, பாசிர் ரிஸ்ஸுக்கு, உட்லண்ட்ஸுக்கு, பொங்கோலுக்கு. தினமும் அதே கோடுகள். வயதின்படி வண்ணம் கொடுத்தபோது நீளக்கோடுகள் மொத்தமும் ஊதாவாக மாறின: வயதானவர்கள், தனியாக வருகிறவர்கள்.

வழியெல்லாம் பள்ளிவாசல்கள் இருக்க, ஒரு டப்பா கஞ்சிக்காகத் தீவின் அந்தக் கோடியிலிருந்து, அதுவும் நோன்போடு, இந்த வெயிலில் வருகிறார்கள் என்றால் வீட்டில் என்ன நிலைமை? பெற்றவர்களுக்கு ஒரு வாய் கஞ்சி காய்ச்சித் தராத பிள்ளைகள் எப்படிப்பட்ட பிள்ளைகள்? முகம் தெரியாத அந்த மகன்களையும் மருமகள்களையும் மனசுக்குள் நன்றாகத் திட்டித் தீர்த்தாள். படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் ‘தூரத்துப் பசி’ என்று தலைப்பும் போட்டாள்.

குழுக் கூட்டத்தில் படத்தைத் திரையில் காட்டியபோது ஹமீது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சரக்கு அனுப்பியே தலை நரைத்த மனிதர். கோட்டைப் பார்த்ததும் அவருக்கு வழி தெரிந்துவிட்டது.

“இந்த வயசுல அவங்க ஏன்மா இங்க வரணும்? கஞ்சி அவங்ககிட்ட போகட்டும். ஒரு வேன் பிடிப்போம். வீட்டுக் கேட்டுலயே மாட்டிட்டு வந்துடலாம். இங்கயும் கூட்டம் குறையும், வால்ல நிக்கிறவங்களுக்கும் கிடைக்கும்.”

எல்லாரும் கைதட்டினார்கள். ரஷீதாவும்தான். ஒரு படம் போட்டு இவ்வளவு சீக்கிரம் ஒரு நல்ல காரியம் நடந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை.

வேன் போகவேண்டிய வழியையும் அவளே போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டாள். அதற்காகப் பொங்கோல் பக்கம் படத்தைப் பெரிதாக்கினாள். ஊதாக்கோடு ஒன்று நீர்முகப்பைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஒரு பிளாக்கின் மேல் போய் நின்றது. அது அர்ஃபானுடைய பிளாக்.

ஒரு பிளாக்கில் எத்தனையோ வீடு இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகும் மனசு கேட்காமல் அமீராவுக்கு ஃபோன் போட்டாள்.

“அத்தா சாயங்காலம் எங்க போறாரு?”

“அஸருக்கு முன்னாடியே மசூதிக்குன்னு கிளம்பிடுவாரு மச்சி. இங்க பக்கத்துல உள்ளதுக்குன்னுதான் நாங்க நினைச்சோம். ஏன், என்னாச்சு?” என்றாள் அமீரா. பிறகு கொஞ்சம் நிறுத்தி, “நான் டெய்லி வீட்ல கஞ்சி செய்றேன். அவர் சொல்லலயா?” என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டு ரஷீதாவுக்குத் தன் தலைப்பை நினைத்து வெட்கமாகிவிட்டது.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் சந்துக்குப் போனாள். வரிசையின் நடுவில் அத்தா நின்றிருந்தார், கையில் எவர்சில்வர் தூக்குச்சட்டி. அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பி நின்று, வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வடிவேலு என்று பிறகு தெரிந்தது. பாசிர் ரிஸ்காரர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். படத்தில் கிழக்கே போன கோடு அவர்தான்.

“அந்த பஸ் எந்தக் காலத்துலயும் ஜாலான் புசார் வழியா போனதே இல்ல லா. ஓட்டுனவன் நான் சொல்றேன்!”

“ஏறி உக்காந்து போனவன் நான் சொல்றேன்” என்றார் அத்தா. முன்னும் பின்னும் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு மற்றவர்களும் பேசினார்கள். அத்தா இவ்வளவு சத்தமாகப் பேசி ரஷீதா கேட்டுப் பல வருடமாகிவிட்டது. பொங்கோல் வீட்டில் அவர் பேசுவதெல்லாம் ‘சரிம்மா’, ‘வேணாம்மா’, ‘லைட்ட அணைச்சிட்டேன்’ அவ்வளவுதான்.

கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவரை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டாள். “ஏன் அத்தா இவ்ளோ தூரம்? வீட்லதான் அமீரா கஞ்சி போடுறாளே?”

“அமீரா கஞ்சி இதவிட நல்லாருக்கும்” என்றார் அவர். மகளிடம் மாட்டிக்கொண்ட கூச்சம் முகத்தில் தெரிந்தது. “வீட்ல கஞ்சி இருக்கும்மா. வரிசை இல்ல.”

தான் பசி என்று எழுதிய இடத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று ரஷீதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது, அத்தா முன்னால் அழக்கூடாது என்று சந்தின் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

அன்றே ஹமீதைப் பிடித்தாள். வேன் வேண்டாம், வரிசையைக் கலைக்காதீர்கள், அவர்கள் கஞ்சிக்காக வரவில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“நீ சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா வயசானவங்க வெயில்ல மயங்கி விழுந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது? பணம் குடுக்கிறவங்களுக்கு உன் மேப்பைத்தான் அனுப்பினேன். அதப் பாத்துத்தான் வேனுக்கே ஒத்துக்கிட்டாங்க. இப்ப போய் அது தப்புன்னு எப்படிச் சொல்லுவேன்?”

“தப்புன்னு சொல்லல அங்கிள். கோடு சரிதான். நான் போட்ட தலைப்புதான்...”

“அப்போ அவங்க பேசுறதுக்குத்தான் வர்றாங்கன்னு காட்டுற மாதிரி ஒண்ணு போட்டுக் குடு. நான் கமிட்டில வைக்கிறேன்” என்றார் ஹமீது. மனசார சொன்னார்.

ரஷீதா முயன்று பார்த்தாள். யார் யாருக்கு முன்னால் நின்றார், யார் யாருக்காக இடம் பிடித்து வைத்தார், யார் வராத நாளில் யார் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் அந்த டேப்லெட்டில் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எங்கிருந்து வரும்? எந்த வண்ணம் கொடுத்தாலும் அதே கோடுகள், அதே புள்ளிகள். எத்தனையோ கடைக்காரர்களுக்கு எத்தனையோ படம் போட்டுக் கொடுத்தவளுக்குத் தன் அத்தாவுக்காக ஒரு படம் போடத் தெரியவில்லை.

வேன் ஓட ஆரம்பித்தது. பச்சைக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள்: தூர வட்டாரங்களில் இருக்கும் மூத்தவர்களுக்குக் கஞ்சி இனி வீடு தேடி வரும், வீட்டு எண்ணை மேசையில் சொன்னால் போதும், சிரமப்பட்டு வர வேண்டாம். அதற்குப் பக்கத்தில் அவளுடைய படம், ‘தூரத்துப் பசி’, கீழே அவள் பெயர். அத்தா அதைக் கைபேசியில் படம்பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். ‘எம் மக போட்டது’ என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதியிருந்தார். வடிவேலுவை அறிவிப்பு முன்னால் நிறுத்தி, பொங்கோலுக்குப் போகிற கோட்டை விரலால் தொட்டுக் காட்டி, “இது நான்” என்றாராம். அதை அவரே ரஷீதாவிடம் ஃபோனில் சொன்னபோது அவளுக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

மேசையில் இருந்தவர்கள் யாரையும் விரட்டவில்லை. குறியீட்டைச் சொன்னதும் “அங்கிள், உங்களுக்கு வீட்டுக்கே வந்துடும், நீங்க போய் ரெஸ்ட் எடுங்க” என்று கையைப் பிடித்து அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வடிவேலு இதற்கெல்லாம் அசருகிறவரா? தேக்கா சந்தையின் குறியீட்டை மனப்பாடம் செய்துகொண்டு போய் அதையே சொன்னார். சந்தைக்குள் குடியிருப்பவர் யார் என்று தொண்டூழியருக்குத் தோன்றவில்லை, கஞ்சி கிடைத்தது. அதைக் கேள்விப்பட்டதும் ரஷீதாவுக்கு உயிர் வந்தது. வேலையில் ஒரு புள்ளி பொய்யாக இருந்தால் கூடத் தூங்காதவள், உடனே அத்தாவுக்கு ஃபோன் போட்டாள்.

“அத்தா, நீங்களும் தேக்கா போஸ்டல் கோட் சொல்லிடுங்க. யாரும் பாக்க மாட்டாங்க.”

“நோன்ப வச்சிக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா?” என்றார். கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “வடிவேலுக்கென்ன, அவரு நோன்பு இல்ல. அவரே சொல்றாரு, எனக்கு ஓகே லா, ஒங்களுக்குத்தான் கஷ்டம்னு.”

“அப்ப வாங்காதீங்க. சும்மா போய் நில்லுங்க, பேசிட்டு வாங்க.”

“சும்மா எப்படிம்மா நிக்கிறது? கையில சட்டி இருந்தா வரிசைல நிக்கிறவன். இல்லன்னா வேலையில்லாம சுத்துற கிழவன்.”

வேன் ஓடத் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே வடிவேலுவும் வருவதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது. பேச ஆள் இல்லாத வரிசையில் பொய் சொல்லிவிட்டு நிற்க அவருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

நோன்பு மாதத்தின் கடைசி வாரத்தில் ஹமீது புதுப் படம் கேட்டார். போட்டுத்தான் ஆகவேண்டும். ஊதாக்கோடு ஒன்று கூட இல்லை. பள்ளிவாசலைச் சுற்றிக் குட்டைக் கோடுகள் மட்டும், பார்க்க அழகாக, நெருக்கமாக. வால் வரைக்கும் எல்லாருக்கும் கஞ்சி கிடைத்தது என்பதும் உண்மைதான். கூட்டத்தில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, “இதுதான் நம்ம பிள்ளை செஞ்ச வேலை” என்று ஹமீது பெருமையாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டியபோது ரஷீதா மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெருநாளுக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது, அத்தாவோடு நோன்பு திறக்கலாம் என்று பொங்கோலுக்குப் போனாள். எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, அர்ஃபானுடைய பிளாக்கின் கீழ்த்தளத்துக்கு வந்தபோது, காலியாகக் கிடந்த அந்தப் பெரிய இடத்தில் தூணோரமாக ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை, தொப்பி, கையில் தூக்குச்சட்டி. அத்தாதான்.

“இங்க என்ன அத்தா பண்றீங்க?”

“வேன் வரும்ல. மேல வந்து கேட்டுல மாட்டிட்டுப் போயிடுறாங்க, யாரு வந்தாங்கன்னே தெரிய மாட்டேங்குது. அதான், நானே கீழ வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டேன்.”

அவருக்கு முன்னால் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை. ஆனாலும் அவர் வரிசையில் நிற்கிற மாதிரிதான், சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னால் ஒரு ஆளுக்கு இடம் விட்டு நின்றார்.

ரஷீதா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் நின்றாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தா திரும்பினார். வரிசையில் பின்னால் நிற்கிற ஆளைப் பார்த்துப் பேசுகிற அந்தப் பழைய முகம் ஒரு நிமிடம் வந்தது.

“உனக்குத்தான் பிடோக்லயே கஞ்சி கிடைக்குமே” என்றார். “இவ்ளோ தூரம் எதுக்கும்மா வந்த?”

ரஷீதா வரிசையில் ஓர் அடி நெருங்கி நின்றாள். வேன் வருகிறதா என்று அத்தா மறுபடியும் சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.